பருவமும் எண்ணும்

புலவர்க்கும் எழுத்தாளர்க்கும் பிறந்த ஆண்டு வரையறுக்க முயலும் நாம், அவ்வாண்டு எத்தகைய சான்றினின்று பெறப்பட்டது என உசாவுவது அரிது. அகவையைத் தமிழர் எவ்வாறு அறிந்தனர் என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

சங்கச் செய்யுளில் அகவை பெரும்பாலும் உடலிலும் அணியிலும் காணப்படுவதொன்று. புறநானூற்று 77ஆம் பாட்டில் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் இளமையை இடைக்குன்றூர் கிழார் கூறுமிடத்து ஆண்டுக் கணக்கு ஒன்றும் இல்லை. கிண்கிணி நீங்கிய காலில் கழல் ஏறியுள்ளது; ஐம்படைத்தாலியோ இன்னும் நீங்கவில்லை; பாலை விட்டு உணவு உண்டதும் அன்றுதான். உயர்வு நவிற்சியே எனினும், அளவுகோல் எது என்பது தெளிவு. பிசிராந்தையார் பாட்டிலும் (191) வியப்பிற்குரியதாக நிற்பது ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமையே. எத்தனை ஆண்டு என்பதை அவர் கூறினாரல்லர். கேட்டோரும் அதனை வேண்டினாரல்லர்.

புகார் நகரத்துள் புகும்போது எண் முன் நிற்கின்றது. கண்ணகியின் அகவை 12, கோவலனது 16 எனச் சிலப்பதிகாரம் மணத்தை ஒட்டிக் குறிக்கின்றது; மாதவியும் ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறுகின்றாள். வணிகர் மணமும் கலைப் பயிற்சியும் கணக்கை வேண்டின போலும். பிற்காலப் பாட்டியல் நூல்கள் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்கட்கும் ஆண்டெல்லை வகுத்தன. அவ்வெல்லைகள் நூலுக்கு நூல் மாறுபடுகின்றன. பருவப் பெயர்களோ மாறவில்லை. பருவமே முந்தையது, எண் பின்னர் வந்து பொருந்தியது என நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் எண் சட்டமாயிற்று. 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என மணவயதை வரையறுத்தது. ஆனால் எண்ணை மெய்ப்பிக்கும் ஏடு பல வீடுகளில் இல்லை. வலக்கையைத் தலைமேல் வளைத்து இடச்செவியைத் தொட்ட சிறுவனை ஐந்து வயதினன் எனக் கொண்டு பள்ளியில் சேர்த்தனர். ஆசிரியர் தமக்குத் தோன்றிய ஒரு நாளைப் பதிவேட்டில் எழுதினார். உடலைப் பார்த்து எழுதிய அந்நாளே, பின்னர் உடலுக்கும் மேலான சான்றாயிற்று! 2015ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டத்தின்படி ஒருவரது வயதை உறுதி செய்யப் பள்ளிச் சான்றிதழ் முதலில் நோக்கப்படும். அஃது இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பு வழங்கிய பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாத இடத்தே மருத்துவச் சோதனை. இடைக்குன்றூர் கிழார்க்கு முதலாய் நின்ற உடல் ஈண்டு இறுதியில் நிற்கின்றது.

கல்லூரியில் இச்சொற்களின் பொருளே திரிந்துள்ளது. பருவம் என்பது ஆறு திங்கள் பாடக்காலம். ஆண்டு என்பது வகுப்பு. இரண்டாம் ஆண்டு மாணவனை, அவனினும் வயதில் மூத்த முதலாண்டு மாணவன் 'அண்ணா' என்றழைத்தல் நாள்தோறும் கேட்பதே.

இலக்கிய வரலாற்றிற்கு இதனால் விளையும் இடர் சிறிதன்று. ஒருவர் ஓய்வு பெறுவது சான்றிதழ் வயதால். அவர்க்கு மணிவிழா எடுப்பது சாதக வயதால். மலர் ஓராண்டும் பணிப்பதிவேடு மற்றோராண்டும் கூறுமாயின், ஒன்றை விலக்கி ஒன்றைக் கொள்ளாது, இரண்டையும் சான்றின் வகை சுட்டி அருகருகே தருதல் வேண்டும். பிறப்புப் பதிவு பரவாத காலத்தோர்க்கு வேறு வழி இல்லை.