முதல் பங்கு குடலுக்கு

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டித்தான் இறால் நன்றாக அகப்படும். அங்கே யார் என்றைக்கு வலை விடுவது என்பதைக் குப்பத்து மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். வாசலில் வலை விடுகிறவருக்குத்தான் முதல் பங்கு. நம் உடம்பில் அந்த வாசல் குடல். இதைப் புரிந்துகொள்ள மருத்துவத்துக்கு ரொம்ப நாளாச்சு. அந்தத் தாமதத்தின் சுமை குறைமாதக் குழந்தைகள் மேல் விழுந்தது.

நெடுங்காலம் குடலை வெறும் குழாயாகத்தான் பார்த்தார்கள். பாலின் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகும், குடல் அவற்றை உறிஞ்சி ரத்தத்தில் விடும், அவ்வளவுதான். 1970களில் அமெரிக்காவில் ஹெர்பர்ட் விண்ட்மூல்லர் எலிக்குடலை ஆராய்ந்தபோது இந்தக் கணக்கு உதைத்தது. குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் குடலே எரிபொருளாக எரித்துக்கொண்டிருந்தது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்?

அதே காலத்தில் இன்னொரு கதையும் நடந்தது. 1968இல் ஸ்டான்லி டட்ரிக்கின் குழு, ரத்தக்குழாய் வழியாகவே முழு உணவையும் செலுத்தி ஒரு பச்சிளங்குழந்தையை வளர்த்ததை அறிவித்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த சாதனை அது. ஆனால், பிஞ்சு வயிற்றைச் சும்மா விடுவதே நல்லது என்ற எண்ணமும் கூடவே வலுத்தது. சும்மா விட்ட குடலோ உட்சுவர் மெலிந்துபோனது.

குழந்தைகளில் குடல் எடுக்கும் பங்கை எப்படி அளப்பது? நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வான் கூடூவரின் குழு, கதிரியக்கம் இல்லாத, எடை சற்றே கூடிய அணுக்களால் அடையாளமிட்ட த்ரியோனினை வயிற்றிலும் ரத்தத்திலும் தனித்தனியே செலுத்தி ஒப்பிட்டது. முடிவு 2007இல் வெளியானது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலில் வந்த த்ரியோனினில் 70 முதல் 82 சதவீதம், குடலும் கல்லீரலும் உள்ள வட்டாரத்தை முதல் சுற்றில் தாண்டவே இல்லை. பால் குறைவாகக் கிடைத்தபோது அந்தப் பங்கு இன்னும் கூடியது.

இது திருட்டு இல்லை. குடல்சுவரின் மேல் வழவழப்பாகப் படர்ந்து, கிருமிகளை அண்டவிடாமல் தடுக்கும் படலம் ஒன்று உண்டு. அதன் முக்கியப் புரதமான மியூசினுக்கு த்ரியோனின் நிறைய வேண்டும். குடல் முதலில் தன் வேலியைக் கட்டிக்கொள்கிறது.

எந்தப் பால் என்பதும் முக்கியம். மாவுப்பால் மட்டுமே குடித்த குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் திசு அழுகும் நோய், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகம் என்று ஆலன் லூகாஸும் டிம் கோலும் 1990இல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியிருந்தார். இன்று சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் அப்படியொரு வங்கி இருக்கிறது.

குப்பத்தில் பிறந்த குறைமாதக் குழந்தையைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், தாய் பல நேரம் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுகிறாள். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டுவைக்கும் வீடுகளும் உண்டு. “ஒரு மில்லி பால் எந்த மூலைக்கு?” என்று யாராவது கேட்கக்கூடும். குழந்தையின் எடைக்கு அது காணாதுதான். ஆனால் குழாய் வழியே சொட்டும் அந்த ஒரு மில்லி குடலுக்குச் சேரவேண்டிய கூலி. அதை மறுத்தால் வேலி எழும்பாது.