ஹேக் நகரமும் கோதுமை இல்லாத இனிப்பும்

நெதர்லாந்தில் இருக்கும் ஹேக் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது சர்வதேச நீதிமன்றம்தான். நாடுகள் ஒண்ணு மேல ஒண்ணு கேஸ் போடற ஊர். ஆனா உலகத்துல ஒரு கூட்டத்துக்கு அந்த ஊர் கிட்டத்தட்ட காசி, ராமேஸ்வரம் மாதிரி. கோதுமை ஒத்துக்காத கூட்டம். அதுல எங்க வீட்டு தங்கமணியும் ஒருத்தர்.

அவங்களுக்கு இருக்கறது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை இந்த மூணு தானியத்துலயும் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்க ஆரம்பிச்சிடும். சாப்பிட்டது உடம்புல ஒட்டாது. மருந்து கிடையாது, ஆயுசுக்கும் அதைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். "ஒரு வாய் சாப்பிட்டா என்னம்மா ஆயிடும்"னு கல்யாண வீட்ல கேக்கற மாமிகளுக்கு இது புரியவே புரியாது. கடையில விக்கற கூட்டுப் பெருங்காயத்துல கூட கோதுமை மாவு கலந்திருக்கும், தெரியுமோ?

இப்படிப்பட்டவரோடு ஹேக்கில் மூணு நாள். காரம், உப்பு எல்லாம் எப்படியோ சமாளிச்சிடலாம். அங்க உருளைக்கிழங்குக்குப் பஞ்சமே இல்ல. ஆனா தங்கமணிக்கு சாப்பாடு முடிஞ்சா ஒரு இனிப்பு வேணும். பேக்கரி கண்ணாடிக்குப் பின்னாடி வரிசையா ஆப்பிள் டார்ட், ஸ்ட்ரோப்வாஃபெல், க்ரீம் வச்ச தொம்பூஸ். அத்தனையும் கோதுமை. பொஃபர்ச்சஸ்னு நம்ம குழிப்பணியாரம் மாதிரியே ஒண்ணு உண்டு. அதுல பக்வீட் மாவு போடுவாங்க. பேர்ல வீட் இருந்தாலும் பக்வீட் கோதுமை வகையே இல்ல, க்ளூட்டனும் கிடையாது. ஆஹான்னு கிட்ட போனா, கூடவே கோதுமை மாவையும் கலந்துதான் ஊத்தறாங்க. போச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, கோதுமைதான் வில்லன்னு உலகத்துக்குச் சொன்னதே இந்த ஊர் ஆஸ்பத்திரியில வேலை பார்த்த ஒரு டாக்டர்தான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திப் பார்ப்போம்.

நோய் ரொம்பப் பழசு. கப்படோசியாவைச் சேர்ந்த அரிட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர் ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்ன பின்ன இதை விவரித்திருக்கிறார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்துதான் சீலியாக் என்ற பேரே வந்தது. அப்புறம் பல நூற்றாண்டு பெரிய சத்தம் ஒண்ணும் இல்ல. 1888-ல் லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, வளராமலே நின்றுபோகும் குழந்தைகள். இதைக் குணப்படுத்த முடியும்னா அது சாப்பாட்டால்தான் முடியும் என்று அன்னைக்கே அடிச்சுச் சொன்னார் மனுஷன். எந்தச் சாப்பாடு என்பதுதான் பிடிபடல. ஒரு குழந்தைக்கு தினமும் டச்சு நாட்டு மட்டிச்சிப்பிகளைக் கொடுத்துப் பார்த்ததில் நல்லாத் தேறுச்சாம். சிப்பி சீசன் முடிஞ்சதும் மறுபடி படுத்துடுச்சு. அப்பவே டச்சு சம்பந்தம் வந்துடுச்சு பாருங்க :-)

1924-ல் நியூயார்க் டாக்டர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியம் கொண்டு வந்தார். ரொட்டி, பிஸ்கட், தானியம், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் நிறுத்திட்டு நிறைய வாழைப்பழம். குழந்தைங்க பிழைச்சாங்க. இது சாதாரண விஷயம் இல்ல, அதுவரைக்கும் இந்த நோய் வந்த குழந்தைகள் நிறைய பேர் செத்துப்போனாங்க. ஆனா ஹாஸ் பெருமையைக் கொடுத்தது வாழைப்பழத்துக்கு. காப்பாத்தினது தட்டுல வச்ச பழம் இல்ல, தட்டுல இருந்து எடுத்த ரொட்டி. இந்த வித்தியாசம் தெரியாததால, குணமாயிடுச்சுன்னு நினைச்ச பிள்ளைங்களுக்கு மறுபடி ரொட்டி கொடுத்தாங்க.

இந்த இடத்துலதான் நம்ம ஹீரோ வர்றார். வில்லெம் கரேல் டிக்கே. பிறந்தது 1905, டோர்ட்ரெக்ட் ஊரில். 1936-ல், 31 வயசுலயே, ஹேக்கில் இருந்த யூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை டாக்டர் ஆயிட்டார். ஒரு இளம் தாய் அவரிடம் வந்து, ரொட்டியை நிறுத்தினால் குழந்தை தேறுது, திரும்பக் கொடுத்தால் படுத்துடுது என்று சொன்னதாகவும், சந்தேகம் அங்கேயே விழுந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. ஒரு அம்மா சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட டாக்டர்! அதுக்கே ஒரு சிலை வைக்கலாம். 1941-ல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோதே, ரொட்டி இல்லாத ஒரு எளிய பத்தியச் சாப்பாட்டைப் பற்றி டச்சு மருத்துவ இதழில் எழுதிவிட்டார்.

இந்த வருஷத்தைக் கொஞ்சம் மனசுல வச்சுக்குங்க. ஏன்னா டிக்கே பத்தி எல்லாரும் சொல்ற கதை அடுத்துதான் வருது.

1944 செப்டம்பரில் நேசப் படைகள் தெற்கே இறங்கியபோது, லண்டனில் இருந்த டச்சு அரசு ரயில்வே தொழிலாளர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னது. பதிலடியாக ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். அந்தத் தடை கொஞ்சம் தளர்ந்த நேரம், கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்து படகும் ஓடவில்லை. ஹேக், ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் எல்லாம் பட்டினி. 1945 தொடக்கத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் ரேஷன் 600 கலோரிக்கும் கீழே போனது. ஜனங்க சர்க்கரைவள்ளி இல்ல, சர்க்கரை பீட்ரூட்டையும் துலிப் பூக்கிழங்கையும் வேகவச்சுத் தின்னாங்க. இன்னைக்கு நாம சுத்தி நின்னு போட்டோ எடுக்கறோமே, அதே துலிப். சுமார் 20,000 பேர் செத்தார்கள். 'பசிக்குளிர்காலம்' என்றே டச்சுக்காரர்கள் அதைச் சொல்கிறார்கள்.

ஊரே ரொட்டிக்கு அழுதப்போ, டிக்கே வார்டில் இருந்த சீலியாக் குழந்தைங்க மட்டும் தேறினாங்க. பஞ்சம் முடியும் நேரம், வானத்தில் இருந்தும் வெளிநாட்டு உதவியாகவும் ரொட்டி வந்து சேர்ந்ததும் அவங்க மறுபடி படுத்தாங்க. அதைப் பார்த்து டிக்கே கோதுமையைக் கண்டுபிடிச்சார். கதை இதுதான். கேக்க நல்லாத்தான் இருக்கு, சினிமாவே எடுக்கலாம்.

எனக்கு இதுல ஒரு சங்கடம். 1941 கட்டுரையை என்ன செய்யறது? பசி வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே அவருக்கு ரொட்டி மேல கண்ணு. பஞ்சம் அவருக்குக் கண்ணைத் திறக்கல, ஏற்கெனவே பார்த்துக்கிட்டிருந்ததை உறுதி பண்ணுச்சு. தவிர, பட்டினி காலத்துச் சாப்பாட்டுல கோதுமை மட்டுமா குறைஞ்சுது? எல்லாமேதான் குறைஞ்சுது. அதை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு டிக்கேவுக்கே தெரிஞ்சிருக்கணும். ஏன்னா, உண்மையான வேலையை அவர் போருக்கு அப்புறம்தான் செஞ்சார்.

அந்த வேலை சினிமாவுக்கு லாயக்கில்லாதது. சில குழந்தைகளை நீண்ட காலம் கவனிப்பில் வைத்து, கோதுமையை எடுப்பது, திரும்பக் கொடுப்பது, மறுபடி எடுப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் எடை, உயரம், மலம். கோடு ஏறுது, இறங்குது, திரும்ப ஏறுது. 1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகிறது என்று துல்லியமாக அளக்கும் முறையை உயிர்வேதியியலாளர் வான் டெ காமர் உருவாக்க, குழந்தை மருத்துவர் வெய்யர்ஸும் சேர, மூணு பேரும் 1953-ல் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். கோதுமையின் ஸ்டார்ச் தப்பு செய்யவில்லை, புரதப் பகுதிதான் குற்றவாளி. 1952-லேயே இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சார்லட் ஆண்டர்சன் குழுவும் க்ளூட்டன்தான் என்று தனியாக உறுதி செய்திருந்தது. பீ அளந்து வந்த ஞானம் சார் இது. சிரிக்காதீங்க, அதனால பிழைச்ச குழந்தைங்க எத்தனையோ.

டிக்கே 1962-ல், 57 வயதில், போய்ச் சேர்ந்தார்.

சரி, இனிப்பு? கிடைச்சுது. ஒரு காபிக் கடையில மாவே சேர்க்காத சாக்லேட் கேக் இருந்தது. தங்கமணி கேட்ட முதல் கேள்வி, "இதை வெட்டற கத்தியாலயே ஆப்பிள் டார்ட்டையும் வெட்டுவீங்களா?" அந்தப் பொண்ணு கொஞ்சம் யோசிச்சு, ஆமான்னு ஒத்துக்கிட்டா. பொய் சொல்லாம சொன்னாளேன்னு அவளுக்கு ஒரு கும்பிடு. உள்ளே போய் ஒரு ஃபைலையும் கொண்டு வந்து காட்டினா. 2014 டிசம்பர் 13-ல் இருந்து ஐரோப்பிய யூனியனில், பாக்கெட் போடாத உணவுக்கும் ஒவ்வாமைப் பொருள் விவரத்தைக் கடைக்காரர் கொடுத்தே ஆகணும். 'க்ளூட்டன் இல்லாதது'ன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக்கூடாது. டச்சுல 'க்ளூட்டன்ஃப்ரெய்'னு போட்டிருக்கும்.

கடைசியில காப்பாத்தினது ஹேக் நகரத்தின் சொந்த மிட்டாய். ஹொப்யே. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஹொப் என்று ஒரு பிரபு, காபிப் பைத்தியம். சர்க்கரை போட்ட காபியை கணப்பு மேல் வச்சு மறந்துட்டார், அது இறுகிக் கட்டியாச்சு, ருசி பிடிச்சுப் போய் பக்கத்து மிட்டாய்க்காரரைச் செய்து தரச் சொன்னார் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். சர்க்கரை, க்ரீம், வெண்ணெய், காபி. மாவுக்கு வேலையே இல்ல. நம்ம ஊர் காபி பைட்டுக்குப் பெரியப்பா முறைன்னு வச்சுக்குங்க. இதே ருசியில ஹொப்யேஃப்லான்னு ஒரு கஸ்டர்டும் சூப்பர் மார்க்கெட்ல கிடைக்குது. அதைக் கெட்டியாக்கப் பெரும்பாலும் சோள ஸ்டார்ச்தான். லேபிளைப் படிச்சிட்டு தங்கமணி ஒரு டப்பாவை பார்க் பெஞ்ச்லயே உக்காந்து காலி பண்ணிட்டாங்க. எனக்கு ரெண்டு ஸ்பூன் மிஞ்சுச்சு.

முட்டை வெள்ளையும் தேங்காயும் சேர்ந்த மக்ரோனும் அங்க உண்டு. அடியில ஒட்டியிருக்கற மெல்லிய தாள் மாதிரி அப்பளம் கோதுமையா, உருளைக்கிழங்கான்னு மட்டும் கேட்டுக்கணும். அதைப் பார்த்ததும் தூத்துக்குடி மக்ரூன் ஞாபகம் வந்துச்சு. முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். போர்ச்சுகீசியர் கொண்டு வந்ததுன்னு சொல்வாங்க. 1658-ல் அவங்களைத் துரத்திட்டு தூத்துக்குடியைப் பிடிச்சதும் இதே டச்சுக்காரங்கதான். வீட்ல கோதுமை ஆகாதவங்க இருந்தா தாராளமா மக்ரூன் வாங்கிக் கொடுங்க. அதே தட்டுல, அதே அடுப்புல கேக்கும் பிஸ்கட்டும் சுடறாங்களான்னு கேட்டுட்டு வாங்குங்க.