பள்ளத்தின் மேல் ஒரு ரயில்

டல்லாஸ் நகரில் வுடால் ராட்ஜர்ஸ் என்றொரு நெடுஞ்சாலை, தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் ஓடுகிறது. 2012இல் அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதிக்குக் கான்கிரீட் மூடி போட்டு, மேலே மண் நிரப்பி, ஐந்து ஏக்கர் சொச்சத்தில் கிளைட் வாரன் பூங்காவைத் திறந்தார்கள். மேலே புல்வெளியும் குழந்தைகளும். கீழே கார்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த மாதிரி வீடியோ வாட்ஸப்பில் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் "நம்ம ஊர்ல இதெல்லாம் எப்போ?" என்று கேட்டுவிடுவார். நம்ம ஊரில் இது 1990களிலேயே நடந்துவிட்டது. பள்ளம்தான் வேறு. அதில் தார் இல்லை, தண்ணீர் இருந்தது.

பக்கிங்ஹாம் கால்வாய் என்றால் இன்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஆனால் அது வெட்டப்பட்டது நெடுஞ்சாலையாக. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் பக்கம் தோண்டத் தொடங்கினார்கள். அப்போது அதன் பெயர் காக்ரேன் கால்வாய். பிறகு துண்டுதுண்டாக வடக்கே ஆந்திரக் கரை வரைக்கும், தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டது. கிருஷ்ணா, கோதாவரி கால்வாய்களோடு சேர்த்தால் காக்கிநாடாவிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நீர்வழி. சவுக்கு விறகும் உப்பும் இதில்தான் சென்னைக்கு வந்தன. காற்று சரியாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். நல்ல சாலை வருவதற்கு முன்பு, மாமல்லபுரம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் சென்னையில் இரவு படகேறிப் படுத்து, காலையில் இங்கே இறங்கினார்கள். இன்றைக்கும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ், ஊருக்குள் நுழையுமுன் அந்தக் கால்வாயைக் கடந்துதான் போகிறது. ஜன்னலோரத்தில் இருப்பவர் போனிலிருந்து தலை தூக்குவதில்லை.

இந்த நெடுஞ்சாலையில் நீண்ட காலம் ஒரு இடைவெளி இருந்தது. வடக்கிலிருந்து வருவது கூவத்தோடு நின்றுவிடும். தெற்குப் பகுதி அடையாற்றிலிருந்து தொடங்கும். நடுவே நகரம். அந்த எட்டு கிலோமீட்டரை இணைத்தது தாது வருஷப் பஞ்சம். 1877-78இல், கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் காலத்தில், பஞ்ச நிவாரண வேலையாக அதை வெட்டினார்கள். அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாண நிவாரண வேலைகளுக்கு ரிச்சர்ட் டெம்பிள் 1877இன் தொடக்கத்தில் வைத்த கூலி, வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு அரைக்கிலோ கூட இல்லை. நாள் முழுக்க மண் சுமக்கிறவனுக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எழுதிச் சண்டை போட்ட பிறகுதான் கூலி உயர்ந்தது. வேலை முடிந்ததும் கால்வாய் முழுவதற்கும் கவர்னரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அப்புறம் ரயில் வந்தது, லாரி வந்தது. 1960களின் நடுவில் அடித்த புயல் கால்வாயை உடைத்துப் போட்டது. படகு நின்ற இடத்தில் சாக்கடை வந்தது. கரைகளில், நகரத்துக்குத் தேவைப்பட்டும் நகரம் இடம் தராத மனிதர்கள் குடிசை போட்டார்கள்.

பறக்கும் ரயிலுக்கு வழி தேடியபோது, வரைபடத்தில் நகரத்தின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் ஒரே காலியான கோடாக இது தெரிந்தது. அரசு நிலம். பட்டாதாரர் கிடையாது, கோர்ட் இழுபறி குறைவு. 1997இல் ரயில் திருமயிலை வரை வந்தது, 2007இல் வேளச்சேரி வரை. தாது வருஷத்தில் வெட்டிய அதே எட்டு கிலோமீட்டரின் பெரும்பகுதிக்கு மேலேதான் இன்று சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் மந்தைவெளியும் நிலையங்களாக நிற்கின்றன.

டல்லாஸுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சின்னது, ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. அங்கே மூடியின் பாரம் சுவர்களில் இறங்குகிறது. வண்டி போகிற தடம் அப்படியே விடப்பட்டது, ஏனென்றால் அந்தச் சாலை உயிரோடிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. தண்ணீர் வரும் வழியில் தூணை நட்டால் பின்னால் வண்டலும் குப்பையும் சேரும், ஓட்டம் சுருங்கும், மட்டம் ஏறும். என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கலாம்: யாருமே கூப்பிடாத பழைய கோட் என்று ஒன்றைத் தூக்கிவிடுவார்கள், அது வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ஓட வேண்டிய கோடாக இருக்கும். கால்வாயைக் கூப்பிடுவது ஐப்பசி, கார்த்திகை மழை.

சியோலில் சொங்கேசொன் ஓடையை மூடி, மேலே மேம்பாலச் சாலையும் போட்டிருந்தார்கள். 2003இல் இடிக்க ஆரம்பித்து 2005இல் ஓடையைத் திரும்பத் திறந்தார்கள். அதைக் காட்டி, பறக்கும் ரயிலை இடிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவசியமான ரயில், நானும் அதில் போகிறேன். என் கவலை தெற்கே இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே கால்வாய் இன்னும் திறந்தே கிடக்கிறது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக இதற்குள் இறங்கி, சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கமெல்லாம் கடந்து, முட்டுக்காட்டில் கடலைத் தேடுகிறது. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு கொடுத்தது கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும், அதாவது இதே தண்ணீரின் பக்கத்தில். முதல் தடவை கால்வாய் ஓரம் ஆபத்து என்று சொல்லித்தான் அவர்களைக் கிளப்பினார்கள். அடுத்த தடவை யாராவது வரைபடத்தைப் பார்த்து, இரண்டு சாலைக்கும் நடுவே காலியாக ஒரு கோடு இருக்கிறதே என்று சொன்னால், தண்ணீர் ஏறுவது அந்த வீடுகளில்தான்.

இத்தனைக்கும் சட்டப்படி அது இன்னும் நெடுஞ்சாலைதான். காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையான இந்தக் கால்வாய் வழியை 2008இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். இப்போதைக்கு இந்தப் பக்கம் படகு ஏற வேண்டுமானால் முட்டுக்காடு போட்ஹவுஸுக்குப் போய் டிக்கெட் வாங்க வேண்டும். ஒரு சுற்று சுற்றி, ஏறின இடத்திலேயே இறக்கி விடுவார்கள்.