காலை ஏழரை மணியின் குடிசனக் கணக்கு: மீரியபெத்தையைக் கொஸ்லந்தவின் புறநகராக வாசித்தல்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்த, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின் (தொழிலாளர் வரிசைவீடுகளின்) மீது மலை சரிந்தது. புதையுண்டோர் நூறு பேர் என்றார்கள், இருநூறு என்றார்கள், முந்நூறு என்ற எண்ணும் அன்றே புழங்கியது. அமைச்சர் ஒன்று சொன்னார், படையினர் ஒன்று சொன்னார்கள், ஊரார் இன்னொன்று சொன்னார்கள். சில நாட்களுக்குள் இந்தத் தொகை மளமளவெனச் சுருங்கி நாற்பதை ஒட்டி வந்து நின்றது. மீட்கப்பட்ட உடல்கள் அதிலும் குறைவு. அந்த எண் ஏன் சுருங்கியது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி.

மலையக ஆய்வில் இதற்கு ஆயத்தமான ஒரு விடை உண்டு. தோட்டம் ஒரு தனித்தீவு. லயத்து மக்கள் அரசின் கண்ணில் படாதவர்கள். எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதே தெரியாத அரசால் எத்தனை பேர் மாண்டார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? எண்ணிக்கைக் குழப்பம், இந்த வாசிப்பின்படி, புறக்கணிப்பின் சாட்சியம். மலையகத் தமிழரை நாடற்றோராக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் முதல் 2003இல் அதன் கடைசி மிச்சங்கள் தீர்க்கப்பட்டது வரையிலான அரை நூற்றாண்டை அறிந்தவர் எவரும் இதை எளிதில் மறுக்கமாட்டார். இக்கட்டுரையும் அந்த வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் மீரியபெத்தையின் எண்ணுக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

காரணம் எளியது. கண்ணில் படாத மக்களை எண்ணினால் முதல் தொகை உண்மையைவிடக் குறையவேண்டும். இங்கே கூடியது. அரசுக்குத் தெரியாத நூறு பேர் பிறகு மண்ணுக்கடியில் கண்டுபிடிக்கப்படவில்லை. கணக்கில் இருந்த நூற்றுக்கணக்கானோர் வேறெங்கோ உயிருடன் இருந்தார்கள். காகிதத்திலும் நினைவிலும் ஆட்கள் அதிகம், லயத்தில் அந்த நேரத்தில் ஆட்கள் குறைவு. தனித்தீவுக் கோட்பாடு இந்தத் திசையை விளக்க முயன்றதே இல்லை.

முதல் எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கவேண்டும். ஊரின் பதிவேடுகளும் மண்ணோடு போயின என்று அன்றைய செய்திகள் கூறின. ஏட்டைப் புரட்ட வழியில்லாதபோது எவரும் செய்வதையே அங்கும் செய்திருப்பார்கள்: லயங்களை எண்ணி, லயத்து அறைகளான காம்பராக்களை எண்ணி, காம்பராவுக்கு இத்தனை பேர் என்று பெருக்கியிருப்பார்கள். ஒரே காம்பராவில் பெற்றோரும் மணமான மகனும் பேரப்பிள்ளைகளும் இருப்பது தோட்டத்தில் புதிதல்ல. ஆகவே பெருக்கும் எண்ணும் சிறிதல்ல.

பதிவேடுகள் தப்பியிருந்தாலும் நிலைமை அதிகம் மாறியிருக்காது என்று கருத இடமுண்டு. தோட்டத்து மனிதர் ஒருவர் பல ஏடுகளில் பல ஆட்களாக வாழ்பவர். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் இருந்தால் அவர் தொழிலாளி. பேர் இல்லாதவர் அந்த ஏட்டைப் பொறுத்தவரை ஆளே இல்லை. வாக்காளர் இடாப்பில் அவர் லயத்து முகவரிக்கு உரியவர், கொழும்பில் புறக்கோட்டைக் கடையொன்றில் பத்து வருடமாக வேலை செய்தாலும்கூட. பாடசாலைச் சேர்விடாப்பில் அவருடைய பிள்ளை கொஸ்லந்த டவுன் பிள்ளை. இம்மூன்றும் பொய்யான ஏடுகள் அல்ல. ஒவ்வொன்றும் அந்தக் குடும்பத்தின் வேறொரு இடத்தைப் பதிகிறது. மூன்றையும் ஒரே காம்பராவுக்குள் அடுக்கிப் பார்த்திருந்தாலும் மிகைப்பட்ட எண்ணே கிடைத்திருக்கும்.

இனி நேரத்தைக் கவனிப்போம். பிரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து கொழுந்து பறிப்போர் மலைக்கு ஏறும் நேரம் அது. பிள்ளைகள் சீருடையோடு பாடசாலைக்குக் கிளம்பியாயிற்று. திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேற்றைக் கண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் உலகெங்கும் வெளிவந்தன. கடைகளிலும் கட்டட வேலையிலும் இருந்தவர்கள் டவுனை நோக்கியோ பண்டாரவளையை நோக்கியோ புறப்பட்டிருப்பார்கள். கொழும்புக்குப் போனவர்கள் தீபாவளிக்கு வந்துவிட்டு ஒரு வாரத்துக்கு முன்னரே திரும்பியிருக்கக்கூடும். வீட்டில் எஞ்சக்கூடியவர்கள் முதியோர், கைக்குழந்தையோடு இருந்தோர், சுகமில்லாதோர், வேலைக்குப் போகாதோர். நூற்றுக்கணக்கில் தொடங்கிய எண் ஏன் நாற்பதாயிற்று என்பதற்கு இதைவிட நெருக்கமான விளக்கம் கிடைப்பது கடினம். நாற்பது என்பது ஆறுதலான எண்ணும் அல்ல. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காலை ஏழரைக்கே பாதிக்கு மேல் வெளியேறிவிட்டு மாலையில் திரும்பும் குடியிருப்பை உலகில் வேறெங்கு கண்டாலும் புறநகர் என்போம். வத்தளையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களைப் பற்றி எழுதும்போது எந்த ஆய்வாளரும் தயங்குவதில்லை. லயம் என்றவுடன் மட்டும் சொல் தொண்டையில் நிற்கிறது.

இந்தத் தயக்கத்துக்குப் புள்ளிவிபரவியலும் பொறுப்பு. இலங்கையின் தொகைமதிப்பு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் பத்துக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டம் ‘தோட்டத் துறை’. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வருவது மட்டுமே ‘நகரம்’. 1987இல் பட்டின சபைகள் ஒழிந்து பிரதேச சபைகள் வந்தபோது, நாடு முழுதும் சிறு பட்டணங்கள் பல ஒரே இரவில் கிராமங்களாயின. கொஸ்லந்தவோ ஹல்துமுல்லைப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெரகலை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ-4 வீதியில், தியலும நீர்வீழ்ச்சிக்குச் சில கிலோமீற்றர் முன்னால் அமைந்த கடைவீதி அது. வைத்தியசாலையும் பொலிஸ் நிலையமும் தமிழ்ப் பாடசாலையும் உண்டு. புள்ளிவிபரத்தில் அது கிராமம். அதைச் சுற்றிய லயங்கள் தோட்டம். நகரமே இல்லாத இடத்தில் புறநகர் எப்படி முளைக்கும்? இந்தப் பகுப்பின்படி, ஹப்புத்தளை நகர சபைக்கும் பண்டாரவளை மாநகர சபைக்கும் வெளியே இப்பக்கம் வளர்வது எதுவும் நகர வளர்ச்சியாகப் பதிவாகாது. வளர்ச்சி இல்லை என்று பிறகு அதே அட்டவணையைக் காட்டி வாதிடுவோரும் உண்டு.

தோட்டமும் டவுனும் எவ்வளவு பின்னிக்கிடந்தன என்பதற்குப் பெரிய தரவு தேவையில்லை. 2013 கூட்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளம் அடிப்படை 450 ரூபாய். எல்லாப் படிகளும் கிடைத்தால் 620. இந்தத் தொகையில் ஒரு குடும்பம் தோட்டத்துக்குள் மட்டும் வாழ இயலாது. ஆகவே ஒருவர் செக்ரோலில் பேரைக் காப்பாற்றிக்கொள்ள, மற்றவர்கள் வெளியே சம்பாதித்தார்கள். காம்பராவை விட்டுக்கொடுக்காமலிருக்க அந்த ஒரு பேர் போதும். தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணம் கடைவீதியில் துணியாகவும் பலகாரச் சாமானாகவும் மாறியது. நகை அடகுக்கடைக்குப் போய் வந்தது. சாதாரண தரப் பிள்ளைகள் டியூஷனுக்கு டவுனுக்கு இறங்கினார்கள். மண்சரிவுக்குப் பின் மக்கள் ஒதுங்கியது எங்கே? கொஸ்லந்த, பூனாகலைத் தமிழ்ப் பாடசாலைகளில். ஏற்கெனவே தினமும் போய்வந்த பாதையில்தான் அன்றும் போனார்கள்.

மறுப்புகள் வரும். முதல் நாள் எண் எந்த அனர்த்தத்திலும் மிகைப்படும், அதில் சமூகவியல் தேடவேண்டாம் என்பது ஒன்று. மிகைப்படுவது உண்மை, ஆனால் எதைப் பெருக்கி மிகைப்பட்டது என்பது இடத்துக்கு இடம் மாறும், அந்த மாற்றம்தான் இங்கு பேசப்படுவது.

கனமான மறுப்பு வேறு. புறநகர்வாசிக்கு வீடு சொந்தம், அல்லது வாடகை ஒப்பந்தமாவது உண்டு. லயத்தாருக்கு இரண்டும் இல்லை. நிலம் அரசினுடையது, 1992 முதல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம், காம்பரா வேலையோடு கட்டுண்டது. உறுதிப்பத்திரம் இல்லாத இடத்தைப் புறநகர் என்பது சுரண்டலை அழகுபடுத்துவதாகாதா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் வாழ்க்கை நகரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது, நில உரிமை மட்டும் 19ஆம் நூற்றாண்டில் நிற்கிறது. அநீதி இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இருக்கிறது. தனித்தீவுக் கோட்பாடு இரண்டையும் ஒரே காலத்தில் நிறுத்திவிடுவதால் அந்த இடைவெளி அதற்குத் தெரிவதில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைகளை வாசிக்கும்போது இது தெளிவாகும். 2005இலும் 2011இலும் அந்த மலைச்சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. சொன்ன பிறகும் ஏன் போகவில்லை என்று கேட்டோர், அறியாமை என்றோ தோட்டத்தின் மீதுள்ள பழைய பற்று என்றோ பதில் எழுதினார்கள். போக மாற்றுநிலம் தரப்படவில்லை என்பது முதற்காரணம். இரண்டாவதை எவரும் கணக்கிலெடுக்கவில்லை: அந்த லயத்திலிருந்து டவுன் எட்டும் தூரத்தில் இருந்தது. பாடசாலையும் பஸ்ஸும் செக்ரோல் பேரும் ஒருசேரக் கைக்கெட்டிய இடத்தை, இன்னதென்று தெரியாத வேறொன்றுக்காக விட்டுப்போக எந்தப் புறநகர்க் குடும்பமும் யோசிக்கும்.

தப்பியவர்கள் நீண்ட காலம் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்கவைக்கப்பட்டார்கள். 2016 ஒக்டோபரில் மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. மண் உறுதியான இடமா என்ற கேள்வி முதலில் கேட்கப்பட்டது நியாயமே. ஆனால் அங்கும் எண்ணப்பட்டவை வீடுகள். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை இருந்த இடத்தில் வீட்டை அலகாக வைத்தால், 2014இல் பெருக்கிப் பார்த்துத் தவறிய அதே கணக்கு இம்முறை தலைகீழாக நடக்கிறது: மணமான மகனின் குடும்பத்துக்கு வீடு எங்கே என்ற கேள்வி அட்டவணைக்குள் வருவதில்லை. மலையக வீடமைப்புக்கு வழக்கமாகிவிட்ட 7 பேர்ச்சஸ் அளவில் இன்னொரு குடும்பம் கட்டிக்கொள்ள இடம் மிஞ்சுவதும் அரிது.

2018இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று தோட்டப் பிரதேசத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை அமைத்தது. மற்றது பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்தி, அதுவரை தோட்டத்துக்குள் பணம் செலவிடத் தடைப்பட்டிருந்த பிரதேச சபைகளுக்கு வழி திறந்தது. மலையக அரசியலில் முதலாவதற்கே கொண்டாட்டம் அதிகம். இக்கட்டுரை இரண்டாவதையே பெரிதாகக் கருதுகிறது. வாக்களித்தும் வீதி விளக்குக் கேட்க முடியாமலிருந்த லயம், கடைவீதியோடு ஒரே சபையின் வரவுசெலவுக்குள் முதல்முறையாக வந்தது அந்தத் திருத்தத்தால்தான். அச்சபை ஆண்டுதோறும் எந்தெந்த லயப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கியது என்ற பதிவும் கொஸ்லந்தத் தமிழ்ப் பாடசாலைச் சேர்விடாப்பில் உள்ள முகவரிகளும் அருகருகே வைத்துப் படிக்கப்படவேண்டியவை. செக்ரோலை மட்டும் வைத்து எழுதப்படும் தோட்ட வரலாற்றுக்கு அந்த இரண்டு ஏடுகளும் இதுவரை தேவைப்பட்டதில்லை.