கூடாரம் போட்டவர்கள்

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் 'கான்பாஞ்' என்று ஒரு சொல் உண்டு. வயலும் தோப்புமான நாட்டுப்புறத்துக்கும் அதுதான் பெயர், படையெடுப்புக்கும் அதுதான் பெயர். நம் திருச்சிச் சரித்திரத்தைப் புரட்டினால் அதன் பொருத்தம் விளங்கும்.

1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து திருச்சிக் கோட்டையிலிருந்த முகமது அலியை முற்றுகையிட்டார்கள். மறு ஆண்டு ஆங்கிலேயர் கை ஓங்கியது. பிரெஞ்சுத் தளபதி ழாக் லா காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் முகாம் போட்டார். ஸ்ரீரங்கம், திருவானைக்கா கோயில் மதில்களே அவர்களுக்கு அரண். கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் பாசறை அமைத்த கிளைவ், உணவுப் பொருள் வரும் வழியை மறித்தார். 1752 ஜூனில் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதியிடம் அடைக்கலம் போன சந்தா சாகிப் கொல்லப்பட்டார். படை தங்கியது தண்ணீருக்கும் தீவனத்துக்கும் மறைவுக்கும்தான். ஊர் என்ன ஆகும் என்பது அதன் கவலை இல்லை.

அதே சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் யாத்திரிகர்களும் வண்டி கட்டி வந்தார்கள். மரத்தடியில் கல் கூட்டிச் சமைத்தார்கள். வேண்டுதல் ஒரு காரணம், வீட்டு வேலையிலிருந்து நாலு நாள் விடுதலை இன்னொரு காரணம். சாப்பிட்ட இலையை மாடு தின்றது; உடைந்த சட்டி மண்ணோடு போயிற்று.

மூன்றாவது வகை சாரணர்கள். ராணுவ அதிகாரியான பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர்களுக்கு முகாம் நடத்திக் கூடாரத்தைப் பள்ளிக்கூடமாக்கினார். 2025 ஜனவரி கடைசியில் நம் மணப்பாறையிலேயே சாரணர் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. இடத்தை வந்தபடியே விட்டுப்போவது சாரணனுக்கு முதல் பாடங்களில் ஒன்று.

இப்போது பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இளைஞர்கள் போகிறார்கள். குளிர்ச்சிக்குச் சிலர், அமைதிக்குச் சிலர், செல்ஃபிக்குச் சிலர். இவர்களில் நோக்கம் உயர்ந்தவர்கள்தான் மலையைக் காப்பார்கள் என்று எண்ண வேண்டாம். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில் அம்மா மண்டபம் படித்துறையைப் பாருங்கள். அங்கே கிடக்கும் பிளாஸ்டிக் பை, பக்தியோடு வந்தவர்கள் போட்டதுதான். இலை போய்ப் பை வந்த காலத்தில் நல்லெண்ணம் மட்டும் போதாது. குனிந்து பொறுக்கும் பழக்கமும் வேண்டும்.

பேரன் பேத்திகள் கூடாரம் என்று கிளம்பினால் தடுக்காதீர்கள். ஒரு சாக்குப் பையையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.