மருந்து கேட்காத பூசணம்: வாழைப்பழ அழுகலும் மரபணுவின் அளவு மாற்றமும்

தொட்டியம், குளித்தலை, அந்தநல்லூர், லால்குடிப் பக்கம் வாழை வைப்பவர்கள் அடிக்கடி சொல்வது: “மருந்து கேட்கல.” தெளித்த மருந்துக்கு நோய் அடங்கவில்லை என்று பொருள். கடைக்காரர் அளவைக் கூட்டச் சொல்வார், இல்லையென்றால் வேறு டப்பாவை எடுத்துக் கொடுப்பார். அறிவியல் இந்தப் புகாருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளைக் காண்கிறது. பூசணத்தின் மரபணுவில் எழுத்து மாறியிருக்கலாம். எழுத்து அப்படியே இருக்க, அந்த மரபணு வேலை செய்யும் அளவு ஏறியிருக்கலாம். மருந்து போன நேரத்தில் பூசணம் அதன் கைக்கெட்டாத இடத்தில் உறங்கியிருக்கவும் கூடும். மூன்றும் ஒன்றல்ல என்பது தெளிவாக அறுபது ஆண்டுகள் பிடித்தன.

பழுத்த பூவனின் தோலில் கரும்புள்ளியாகத் தொடங்கி, குழிந்து, ஈர நாளில் இளஞ்சிவப்பு வித்துகளைத் தள்ளும் பூசணத்துக்கு இன்றைய பெயர் கொலிட்டோட்ரைக்கம் மியூசே. 1874இல் பெர்க்லியும் கர்டிஸும் வேறு பேரினத்தில் வைத்து விவரித்ததை, 1957இல் வான் ஆர்க்ஸ் இந்தப் பெயருக்கு மாற்றினார். சீப்பு வெட்டிய இடம் கறுத்து அழுகும் நோயில் இதோடு ஃபியூசேரியம், லேசியோடிப்ளோடியா போன்ற வேறு பூசணங்களும் கூட்டுச் சேரும்.

இதன் வாழ்க்கையில் வியப்பானது பொறுமை. காய் பச்சையாகத் தோட்டத்தில் தொங்கும்போதே வித்து அதன் மேல் விழுந்து முளைத்து, ஒட்டுறுப்பு என்ற கெட்டியான சிறு உறுப்பை அமைத்துக்கொண்டு நின்றுவிடும். தார் வெட்டி, வண்டியேற்றி, பழமாகும்வரை அங்கே நோய் இருப்பதற்கான தடயம் கண்ணில் படாது. வெப்பமண்டலப் பழங்களில் இப்படி மறைந்திருக்கும் தொற்றை 1941இல் குயின்ஸ்லாந்தின் சிம்மண்ட்ஸ் விரிவாக எழுதினார். ஆனால் பழம் பழுத்ததைப் பூசணம் எப்படி அறிகிறது?

1994இல் ஃப்ளைஷ்மனும் கேரளத்தில் பிறந்த கொளட்டுக்குடியும் அமெரிக்க அறிவியல் கழக இதழில் விடை தந்தார்கள். பழத்தைப் பழுக்கவைக்கும் எத்திலீனையே பூசணம் தனக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு எத்திலீனே போதும். வித்து முளைத்துக் கிளைத்து, ஒன்றுக்குப் பல ஒட்டுறுப்புகளை உண்டாக்கிவிடுகிறது. எத்திலீன் உண்டாக்க முடியாதபடி மரபணு மாற்றிய தக்காளியில் இது நடக்கவில்லை. வெளியிலிருந்து எத்திலீன் கொடுத்ததும் நடந்தது. நம் ஊர் மூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அறையில் தாரை அடுக்கிச் சருகுப் புகை போட்டால் காய் பழுப்பது, புகையில் எத்திலீன் இருப்பதால்தான். கார்பைடு கல் தடைசெய்யப்பட்ட பின் மண்டிகளில் வந்த பழுக்கவைக்கும் அறைகளிலும் அதே வாயுதான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 100 பிபிஎம் வரை அனுமதிக்கிறது. காய்க்கு அடிக்கும் எழுப்புமணி அதன் மேல் தூங்கும் பூசணத்துக்கும் கேட்கிறது.

மரபணு ஒழுங்குபாடு என்ற பாடநூல் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பூசணத்திடம் பழத்தின் செல்சுவரை அறுக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் முதல் நாளிலிருந்தே இருக்கின்றன. எப்போது படியெடுப்பது என்பதுதான் கேள்வி. அவகாடோவைத் தாக்கும் இதன் உறவினப் பூசணம் அம்மோனியாவைக் கசியவிட்டுப் பழத்தின் அமிலத்தைக் குறைத்து, அதன் பிறகே பெக்டினைக் கரைக்கும் நொதியை முழு அளவில் சுரக்கிறது என்று இஸ்ரேலின் ப்ரஸ்கி குழு காட்டியது.

இனி மருந்தின் பக்கம். 1960களில் தயாபெண்டசோலும் பெனோமிலும், பிறகு கார்பன்டசிமும் வந்தன. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்களின் ஒரு கட்டுமானப் பொருள் பீட்டா டியூபுலின் என்ற புரதம். இம்மருந்துகள் அதில் ஒட்டிக்கொண்டு பிரிதலை நிறுத்தும். செடிக்குள்ளும் ஊடுருவும் என்பதால் வரவேற்பு பெரிதாக இருந்தது. 1969லேயே வெள்ளரிக் குடும்பச் சாம்பல் நோயில் எதிர்ப்பு தெரிந்தது. 1973இல் பெனோமில் கேட்காத வாழைப் பூசணம் பற்றிய கட்டுரை பிரிட்டிஷ் பூசணவியல் சங்க இதழில் வெளிவந்தது. 1997இல் குவாடலூப் தீவின் தோட்டங்களில் தயாபெண்டசோலை எதிர்க்கும் வகைகளின் பரவல் பதிவானது. காரணம் எளிது: டியூபுலினின் 198ஆம் அல்லது 200ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து ஒட்டாது. பூட்டு மாறிவிட்டது, சாவியை எத்தனை தடவை திருகினாலும் திறக்காது.

அசோல் மருந்துகள் வந்தபோது கதை திசை மாறியது. அவை பூசணத்தின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிராலை உண்டாக்கும் சிஒய்பி51 நொதியை அடக்கும். ஆரஞ்சு, எலுமிச்சையின் பச்சைப் பூசணத்தில் எதிர்ப்பு தோன்றியபோது ஹமமோட்டோவின் ஜப்பானியக் குழு 2000இல் கண்டது இது: மரபணுவுக்கு முன்னால் இருக்கும் ஊக்குவிப்பான் பகுதியில், மருந்து கேட்கும் வகையில் ஒருமுறை மட்டுமே வரும் 126 எழுத்துத் துண்டு, கேட்காத வகையில் ஐந்துமுறை அடுத்தடுத்து நின்றது. படியெடுப்பு சுமார் 100 மடங்கு. நொதி வெள்ளமாய்ப் பெருக, மருந்து போதாமல் போனது. 2009இல் பிரெஞ்சு, ஜெர்மன் திராட்சைத் தோட்டங்களின் சாம்பல் பூசணத்தில் இன்னொரு வழி வெளிப்பட்டது. மருந்தை வெளியே தள்ளும் புரதங்களின் உற்பத்தி ஏறியிருந்தது. ஒரு வகையில் அதற்குக் காரணம், ஊக்குவிப்பானுக்குள் வந்து செருகிக்கொண்ட ஓர் அலையும் மரபணுத் துண்டு. 2018இல் இந்தக் கதை வாழைக்கே வந்தது. கருஞ்சிகடோகா இலைப்புள்ளியின் பூசணத்தில், சிஒய்பி51இன் எழுத்து மாற்றங்களோடு அதன் ஊக்குவிப்பானில் 19 எழுத்துத் துண்டு பலமுறை திரும்ப நிற்பதும் அசோல் எதிர்ப்புக்குக் காரணம் என்று காட்டப்பட்டது. அது இலை நோய். பழ அழுகல் அல்ல. ஆனால் இலைக்குத் தெளிக்கும் புரோபிகோனசோல் என்ற அதே அசோல் மருந்து தாரின் மேலும் படிகிறது என்பதை மறக்கக் கூடாது.

இந்த வரலாறு நமக்கு ஏன்? இந்தியாவில் பெனோமில் 2018இல் தடைசெய்யப்பட்டது. கார்பன்டசிம் 2020இன் வரைவுத் தடைப் பட்டியலில் இடம்பெற்றது. 2023இன் இறுதி ஆணையில் அது இல்லை. நீரில் பெனோமில் சிதைந்து கார்பன்டசிம்தான் ஆகிறது. ஒன்றைக் கேட்காத பூசணம் மற்றதையும் கேட்காது. டப்பாவின் பெயரை மாற்றுவது மருந்தை மாற்றுவதாகாது. மேல்தோலோடு நின்றுவிடும் மருந்தோ, ஒட்டுறுப்பாக உறங்கிக் கிடப்பதை எட்டாமல் போகலாம். அந்தத் தோல்வியை எதிர்ப்பு என்று எண்ணி அளவைக் கூட்டினால், உண்மையான எதிர்ப்புக்கு நாமே வித்திடுகிறோம்.

சோதனையிலும் கவனம் வேண்டும். மருந்து கலந்த ஊடகத் தட்டில் வளர்த்துப் பார்த்தால், பூசணம் கேட்கிறதா இல்லையா என்று தெரியும். ஏன் என்று தெரியாது. டியூபுலின் மரபணுவின் எழுத்தைப் படித்தால் பூட்டு மாறியது தெரியும். அளவு ஏறியதை அறிய ஊக்குவிப்பானையும் படிக்க வேண்டும், ஆர்என்ஏவையும் அளக்க வேண்டும். மூன்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு ‘எதிர்ப்பு இல்லை’ என்று முடிவு கட்டுவது தவறு.

1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சிக்கு அருகே தாயனூரில் இயங்கிவருகிறது; நாவலூர் குட்டப்பட்டில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. மண்டிக்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்தமுறை மருந்து கேட்காமல் அழுகிய சீப்பைக் குப்பையில் வீசுமுன், தோட்டத்தின் பெயரையும் அடித்த மருந்தையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி, அந்தச் சீப்பில் ஒரு காயோடு இவ்விரண்டில் ஒன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.