பத்தில் ஒருவர்: ரோட்டரியின் உறுப்பினர் விதி மாறிய கதை

ரோட்டரி வரலாற்றை எழுதுபவர்கள் சேவைத் திட்டங்களை விரிவாகச் சொல்வார்கள்; உறுப்பினர் பட்டியலைப் புரட்டுவது குறைவு. ஆனால் அந்த இயக்கத்தின் போக்கைத் தீர்மானித்தது பட்டியல்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். கதவைத் திறந்தது கொள்கை அல்ல, ஆள் பற்றாக்குறை.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் எண் அறையில் நால்வர் கூடினர்: வழக்கறிஞர் பால் ஹாரிஸ், சுரங்கப் பொறியாளர் ஒருவர், நிலக்கரி வியாபாரி ஒருவர், தையல் வணிகர் ஒருவர். ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்று விதி வைத்துக்கொண்டார்கள். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒருவர் கடைக்கு இன்னொருவர் வாடிக்கையாளரை அனுப்ப வேண்டும். இரண்டு நிலக்கரி வியாபாரிகள் இருந்தால் அது நடக்குமா? உறுப்பினர்களுக்குள் நடந்த வியாபாரத்தைக் கணக்கெழுதவே தொடக்கத்தில் தனிப் பொறுப்பாளர் இருந்தார். இந்தக் கணக்குப் புத்தியால் சங்கத்துக்குள் பல தொழில்காரர்கள் வந்தார்கள். ஆனால் எல்லோருமே ஆண்கள். பின்னர் விதிமுறைப் புத்தகத்தில் ‘ஆண்’ என்ற சொல்லும் ஏறியது.

பெண்களுக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர். 1914இல் ஹூஸ்டன் மாநாட்டுக்கு ரயிலில் போன ஆன் புரூனியர் என்பவரின் பெயரால் ரோட்டேரியன்களின் மனைவிமார் ‘ரோட்டரி ஆன்’ ஆனார்கள். தமிழ்நாட்டுச் சங்கங்களிலும் மனைவி ‘ஆன்’தான், பிள்ளைகள் ‘ஆனெட்’. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1924இல் தோன்றிய இன்னர் வீல் அந்த மனைவிமாருக்குத் தனி அமைப்பைக் கொடுத்தது. வாசலுக்கு வெளியே ஒரு திண்ணை கட்டிக் கொடுத்தது போல.

விதியை முதலில் அசைத்துப் பார்த்தது அமெரிக்கா அல்ல. 1950இல் ‘ஆண்’ என்ற சொல்லை நீக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தது ஓர் இந்தியச் சங்கம். 1964இல் பெண்களைச் சேர்க்க அனுமதி கேட்டது அன்றைய சிலோனின் ஒரு சங்கம். அந்தத் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. நீதிமன்றக் கதையின் பரபரப்பில் இந்த இரண்டும் அடிக்குறிப்பாகிப் போனது நியாயமில்லை.

1977இல் கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சிற்றூரில் சங்கம் தேய்ந்துகொண்டிருந்தது. ஆள் வேண்டியிருந்தது, ஊரில் தகுதியுள்ள பெண்கள் இருந்தார்கள். மூவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1978இல் ரோட்டரியின் தலைமையகம் அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. வழக்கு நடந்தது. 1983இல் கீழ் நீதிமன்றம் தலைமையகத்தின் பக்கம் நின்றது. 1986இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பங்கேற்ற 7 நீதிபதிகளும் ஒருமனதாக, டுவார்ட்டேவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ‘இது எங்கள் நெருங்கிய வட்டம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம்’ என்பது தலைமையகத்தின் வாதம். நீதிமன்றம் எண்ணிக்கையைப் பார்த்தது. ஒரு சங்கத்தில் 20க்கும் குறைவானவர்கள் இருக்கலாம், 900க்கு மேலும் இருக்கலாம். ஒரு வழக்கமான சங்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பேர் ஊர் மாறியோ விலகியோ போகிறார்கள். ஆகவே புதியவர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி ஆள் வந்துபோகும் இடம் அந்தரங்க வட்டமாகுமா? பத்தில் ஒருவர் கழன்றுபோகும் அந்தப் பழைய தலைவலியே வழக்கில் சங்கத்துக்கு எதிரான சாட்சியானது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அதே 1987இல் லயன்ஸ், கிவானிஸ் என்ற மற்ற சேவை அமைப்புகளும் பெண்களுக்கு வழிவிட்டன. பள்ளி முதல்வரான சில்வியா விட்லாக் டுவார்ட்டே சங்கத்தின் தலைவரானார். 1989இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் மன்றம் உலகெங்கும் அந்த விதியை நீக்கியது.

சேர்ப்பது ஒன்று, தக்கவைப்பது வேறு. அன்றைய விதிப்படி வாரந்தோறும் கூட்டம், பெரும்பாலும் மதிய உணவோடு. தொடர்ந்து 4 கூட்டம் தவறினால் உறுப்பினர் இடமே போகக்கூடும். சொந்தக் கடையோ அலுவலகமோ வைத்திருப்பவருக்கு இது தோதானது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கும் கைக்குழந்தை உள்ளவருக்கும் அப்படியல்ல. இந்த ஏற்பாடு தளர 2016 வரை ஆனது: மாதம் இருமுறை கூடினால் போதும், கூட்டத்தின் வடிவத்தைச் சங்கமே முடிவு செய்யலாம். 1968இல் தொடங்கிய ரோட்டராக்ட் இளைஞர் சங்கங்கள் 2019இல்தான் அங்கத்துவ நிலையைப் பெற்றன. 2022இல் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் உலகத் தலைவரானார். சங்கம் பிறந்து 117 ஆண்டுகளுக்குப் பின் அப்பதவிக்கு வந்த முதல் பெண்.

நம் ஊர்ச் சங்கக் கையேடு ஒன்று கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். படம், தொழில், ரத்த வகை, பிறந்த நாள், திருமண நாள். அருகிலேயே ‘ஆன்’ என்ற தலைப்பில் மனைவியின் பெயர். உறுப்பினரே பெண்ணாக இருக்கும் பக்கத்தில், கணவரின் பெயரை எந்தத் தலைப்பின் கீழ் அச்சிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.